தரங்கம்பாடியில் தமிழ் கற்ற விதம்: சீகன்பால்கும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும்

மிஷனரிகள் மொழி கற்ற கதை என்று பேச்செடுத்தால் நம் சபைகளில் முதலில் வருவது பர்த்தலோமேயு சீகன்பால்கின் பெயர்தான். 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இரண்டே கால் ஆண்டு கழித்து, 1708 அக்டோபர் 17இல், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 26. மேடைகளில் இது ஒரு தனி மனிதரின் உழைப்பாகவும் கடவுள் கொடுத்த வரமாகவும் சொல்லப்படும். உழைப்பைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் ஒருவர் மட்டும் தெரிவதில்லை. ஒரு வீடு நிறைய ஆட்கள் தெரிகிறார்கள். கிழவர் ஒருவர், அவருடைய மகன், பள்ளிப் பிள்ளைகள், பல மொழி பேசும் துபாஷி ஒருவர், கவிராயர் ஒருவர், ஏடெழுதுகிறவர்கள்.

வட இந்தியப் பணித்தளங்களுக்குப் புறப்படும் நம் ஊழியர்களுக்கு மொழி கற்றல் பற்றிச் சொல்ல வேண்டி வரும்போதெல்லாம் நான் எடுப்பது இந்த நிகழ்வைத்தான். அது முழு வெற்றிக் கதை என்பதால் அல்ல. யாரோடு உட்கார்ந்தாரோ அவர்களுடைய தமிழ்தான் சீகன்பால்குக்குக் கிடைத்தது. அந்த உறவுக்கு விலை கொடுத்தவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். இரண்டும் இந்த நிகழ்வில் வெளிப்படையாகத் தெரிகின்றன.

போர்த்துகீசியம் என்ற குறுக்குவழி

தரங்கம்பாடி 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து டென்மார்க்காரர்கள் ஒப்பந்தம் போட்டு வாங்கிய துறைமுகம். சீகன்பால்கு வந்தபோது தஞ்சையில் மராட்டியர் ஆட்சி. கோட்டையும் மதிலும் டேனிஷ் கம்பெனியின் கையில். மதிலுக்கு வெளியே பொறையார் முதலான ஊர்கள். சீகன்பால்கையும் கூட வந்த ஹென்றி புளூட்சோவையும் அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக். கம்பெனிக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை. வியாபாரம் நடக்கிற இடத்தில் மதம் பேசினால் ஊர்ப் பெரியவர்களோடு மனக்கசப்பு வரும் என்று ஆளுநர் ஹாசியுஸ் நினைத்தார். முதல் நாளிலிருந்தே முகம் கொடுக்கவில்லை.

இருவருக்கும் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் சமாளிக்க ஒரு வழி இருந்தது. கடற்கரைத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் அப்போது புழங்கியது ஒரு மாதிரி உடைந்த போர்த்துகீசியம். ஐரோப்பியர் வீட்டு வேலைக்காரர்கள், அடிமைகள், கலப்புக் குடும்பத்தார், தரகர்கள் எல்லாரும் அதைப் பேசினார்கள். இருவரும் முதலில் அதைத்தான் கற்றார்கள். பலனும் சீக்கிரமே தெரிந்தது. 1707 மே மாதம் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற 5 பேரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள்.

அங்கேயே நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அந்த மிஷன் மதிலுக்குள் ஒரு சிறு சபையாகவே முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. இன்றைக்கும் இதே குறுக்குவழி நம் ஆட்களுக்கு முன்னால் இருக்கிறது. ஜார்க்கண்டிலோ குஜராத்திலோ மலைக்கிராமத்துக்குப் போகிறவர் இந்தியைக் கற்றுக்கொண்டு சந்தைக்கு வருகிற ஆண்களோடு பேசிக் காலம் தள்ளிவிடலாம். வேலை நடப்பது போலவே இருக்கும். வீட்டுக்குள் அடுப்படியில் பேசுகிற மொழி மட்டும் கடைசிவரை காதில் விழாது.

தரங்கம்பாடியில் இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். புளூட்சோ போர்த்துகீசியப் பக்கம் நின்றார், சீகன்பால்கு தமிழுக்குப் போனார். எளிதான மொழியில் ஒருவர் வேலையைப் பார்த்ததால்தான் மற்றவருக்குக் கடினமான மொழியோடு மல்லுக்கட்ட நேரம் கிடைத்தது. புளூட்சோவை யாரும் அதிகம் பேசுவதில்லை, சரி, அது வேறு கதை.

மணலில் எழுதிய இரண்டு வெள்ளைக்காரர்கள்

முதல் உதவி முதலியப்பன் என்ற இளைஞரிடமிருந்து வந்தது. தமிழ் சொல்லிக்கொடுக்க வசதியாக அவரை ஜெர்மன் படிக்க வைத்தார்கள். அப்புறம் ஊரில் திண்ணைப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த 70 வயது மதிக்கத்தக்க ஆசிரியர் ஒருவரைப் பிடித்தார்கள். தனியாக வந்து பாடம் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. பள்ளியையே எங்கள் வீட்டில் நடத்துங்கள் என்று கேட்டார்கள். அவரும் பிள்ளைகளோடு வந்தார்.

அந்தப் பள்ளி எப்படி இருந்திருக்கும் என்பது நமக்கு ஓரளவு தெரியும். தரையில் மணலைப் பரப்பி, விரலால் அகரம் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவன் சொல்ல மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவது போலத் திருப்பிச் சொல்வார்கள். அழிப்பதும் எழுதுவதுமாகக் கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஜெர்மனியின் ஹாலே நகரில் இறையியல் படித்துக் குருப்பட்டம் பெற்ற இரண்டு பேரும் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதினார்கள். மதிலுக்குள் இருந்த மற்ற ஐரோப்பியர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

இந்தக் காட்சியைத்தான் எல்லாரும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். தாழ்மைக்கு நல்ல உதாரணம், பிரசங்கத்துக்கு வசதி. அடுத்து நடந்ததைத்தான் நான் முக்கியம் என்று நினைக்கிறேன். இந்த ஏற்பாடு போதவில்லை. எழுத்து வந்துவிட்டது, வாசிக்கவும் வந்துவிட்டது. வாசித்தது என்ன என்று மட்டும் புரியவில்லை. ஆசிரியருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது, மாணவர்களுக்குத் தமிழைத் தவிர மற்றதெல்லாம் தெரியும். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்க ஆசிரியருக்குப் புரிகிற மொழி ஒன்று வேண்டுமே?

மக்களோடு மக்களாக இருந்தால் மொழி தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு வரும். வேறொரு மொழி ஏற்கெனவே ஊறிப்போன பெரியவர்களுக்கு உறவோடு கூட, இரண்டு பக்கமும் தெரிந்து கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அழகப்பன்.

அழகப்பன்

ஜெர்மன் ஆவணங்களில் அலெப்பா என்று எழுதப்பட்டிருக்கும் இவர் டேனிஷ் கம்பெனியில் தலைமைத் துபாஷியாக இருந்தவர். தமிழோடு போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசுவார். கம்பெனி வேலை போன பிறகு மிஷன் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது.

துபாஷி என்றால் இங்குமங்கும் சொல் மாற்றிக் கொடுக்கிறவர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. யாரிடம் எப்படிப் பேச வேண்டும், யாருக்கு எழுதும் கடிதத்தில் என்ன மரியாதைச் சொல் வர வேண்டும், எதைச் சொன்னால் பேரம் முறியும் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த வேலையில் நிற்க முடியும். பள்ளி ஆசிரியர் கொடுத்தது எழுத்தும் நீதிநூல் வரிகளும். அழகப்பன் கொடுத்தது சபையில் பேசுகிற தமிழ், வழக்குப் பேசுகிற தமிழ், கடிதத் தமிழ். சீகன்பால்கு பின்னாளில் பிராமணர்களோடும் மற்றவர்களோடும் உட்கார்ந்து வாதாட முடிந்ததற்கு இந்தப் பழக்கம்தான் அடித்தளம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி நடந்த உரையாடல்களில் 34, 1719இல் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சாகின. அவற்றில் எதிராளிகள் வெறும் தலையாட்டிகளாக இல்லை. திருப்பிக் கேட்கிறார்கள், மடக்குகிறார்கள்.

மொழி பிடிபட்டதும் சீகன்பால்கு அழகப்பனை உடன் ஊழியர் பக்கம் அனுப்பிவிட்டுத் தமிழ் மட்டுமே பேசுகிற ஆட்களோடு உட்கார்ந்துகொண்டார். இது நல்ல முடிவு. பாலம் போல இருப்பவரை நிரந்தரமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நேராகப் பேசும் தைரியம் வரவே வராது. நம் பணித்தளங்களில் 10 ஆண்டு கழித்தும் மொழிபெயர்ப்பாளரோடு கிராமத்துக்குப் போகிறவர்கள் உண்டு. திறமைக் குறைவால் அல்ல, பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாததால்.

ஒரு நாள் எப்படிப் போனது

1708 ஆகஸ்டில் எழுதிய ஒரு கடிதத்தில் தன் அன்றாடப் படிப்பை அவரே விவரிக்கிறார். காலை 7 முதல் 8 வரை முன்பு கற்ற சொற்களையும் சொற்றொடர்களையும் திருப்பிப் பார்ப்பது. 8 முதல் 12 வரை இதுவரை படிக்காத தமிழ் நூல்களைப் படிப்பது. பக்கத்தில் வயதான கவிராயர் ஒருவர் இருப்பார், எழுத்தர் ஒருவர் இருப்பார். புதுச் சொல்லோ புது வழக்கோ வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். செய்யுளின் பொருளைக் கவிராயர் விளக்க வேண்டும். மத்தியானம் 3 முதல் 5 வரை மறுபடி வாசிப்பு. இரவு 7 முதல் 8 வரை கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. தன் பேச்சிலும் எழுத்திலும் யாருடைய நடையைப் பின்பற்றலாமோ அவர்களையே விரும்பிப் படித்ததாகவும், சில நூல்களை 100 முறைகூடப் படித்ததாகவும் சொல்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது மணிக்கணக்கு அல்ல. காலை 8 மணிக்கு அந்த அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர் வாசிக்கிறார், தடுக்கி விழுகிறார். கவிராயர் சீர் பிரித்து மறுபடி சொல்கிறார், தெரிந்த சொல்லால் பொருள் சொல்கிறார். விளக்கமும் தமிழில்தான். அந்த விளக்கத்தில் புரியாத சொல் வந்தால் அதற்கும் ஒரு விளக்கம். ஒரு செய்யுளைச் சுற்றி நடக்கிற இந்தப் பேச்சுதான் உண்மையான பாடம் என்பேன். செய்யுள் அதற்கு ஒரு சாக்கு. எழுத்தர் சொல்லை மட்டும் குறித்தாலும், சீகன்பால்கின் காதில் விழுந்தது தமிழர் ஒருவர் யோசித்து, தயங்கி, உதாரணம் சொல்லிப் புரியவைக்கிற பேச்சு.

இப்படிச் சேர்ந்த சொற்களை அகராதியாக்கினார். முதலில் தமிழ் எழுத்தில் சொல், அடுத்து அதன் உச்சரிப்பு, அடுத்து ஜெர்மன் பொருள். உரைநடைச் சொற்கள் ஏறத்தாழ 20,000. செய்யுள் வழக்குக்குத் தனியாக 17,000 சொற்கள் கொண்ட இன்னொன்று. ஒரு ஆள் தலையில் ஏற்றிக்கொள்ளும் கணக்கு இல்லை இது. பக்கத்தில் எழுத்தாணியோடு ஒருவர் இல்லாமல் நடந்திருக்காது.

1708 நவம்பரில் ஆளுநர் அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார். ஏழை விதவை ஒருத்தியின் பண வழக்கில் அவளுக்காகப் பேசப் போனதில் மூண்ட தகராறு அது. நான்கு மாதம் சிறை. மொழிபெயர்ப்பு தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் சிறைவாசத்தைத் தியாகக் கதையாகச் சொல்வது வழக்கம். நான் அதில் வேறொன்றையும் பார்க்கிறேன். வெள்ளைக்காரர் சண்டையில் அடிபட்ட வெள்ளைக்காரரை ஊர் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்த்திருக்கும். ஆளுநரின் ஆள் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டதே.

பாடத்திட்டம் யாருடையது?

1708இல் அவர் ஜெர்மனில் பெயர்த்த தமிழ் நூல்கள் மூன்று: நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி. ஏன் இந்த மூன்று? நம் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டால் தெரியும். எழுத்து முடிந்ததும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற வரிசையில் வருகிறவை இவை. “ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்” என்று பிள்ளைகள் கூவிக்கொண்டிருந்த அதே வீட்டில்தான் அவர் குடியிருந்தார். தமிழின் தலைசிறந்த நூல்கள் எவை என்று ஆராய்ந்து தேர்ந்தவர் போல அவரை எழுதுகிறவர்கள் உண்டு. தொடக்கத்திலாவது அப்படி இல்லை. பக்கத்தில் என்ன ஒலித்ததோ அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் வட்டம் விரிந்தது. ஆசிரியரின் மகன் கணபதி வாத்தியார் கவிபாடத் தெரிந்தவர். ஏடு தேடிக் கொடுப்பதில் அவருடைய பங்கு பெரிது. தமிழ் எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, படித்தவர்கள் இறந்த வீடுகளில் அவர்களுடைய விதவைகளிடமிருந்து சுவடிகளை மலிவாக வாங்கிவரச் செய்ததாகச் சீகன்பால்கே எழுதியிருக்கிறார். (மலிவாக என்ற அந்த விவரத்தை அவர் சங்கடமே இல்லாமல் எழுதுகிறார். படிக்கிற எனக்குத்தான் சங்கடமாக இருக்கிறது.) 1708இல் அவர் தயாரித்த சுவடிப் பட்டியலில் சமயம், நீதி, இலக்கணம், மருத்துவம் என்று தமிழரின் நூல்கள் மட்டும் 119. திருக்குறள் உண்டு, தொல்காப்பியம் உண்டு, சிவவாக்கியம் உண்டு. கத்தோலிக்கர் தமிழில் எழுதிய ஏடுகளும் அவர் கையில் இருந்தன; கிறிஸ்தவச் சொற்கள் பலவற்றை அவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

கிடைக்காதது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் எழுத்தறிந்தவர்கள். வலை இழுக்கிறவர், நாற்று நடுகிறவர், மதிலுக்கு வெளியே சேரியில் இருந்தவர், வீட்டுப் பெண்கள் ஆகியோர் அவருக்கு மொழி ஆசிரியர்களாக அமையவில்லை. 1707லேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர்தான். ஆனால் பள்ளியில் அவர்கள் கற்கிறவர்கள், அவர் கற்பிக்கிறவர். மொழி அந்தத் திசையில் சுலபமாக ஓடாது.

1714, 1715இல் தரங்கம்பாடி அச்சகத்தில் வெளிவந்த புதிய ஏற்பாட்டின் தமிழில் இந்தச் சேர்க்கை தெரிகிறது. புலவர் தமிழும் இல்லை, தெருத் தமிழும் இல்லை. சில வாக்கியங்கள் நல்ல பேச்சுநடையில் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஜெர்மன் வாக்கியம் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். பிற்பாடு கத்தோலிக்கரான வீரமாமுனிவர் இந்த லுத்தரன் மிஷனின் தமிழைக் கடுமையாகக் கேலி செய்தார். அதில் சபைச் சண்டையும் கலந்திருந்தது, இலக்கணம் தெரிந்தவரின் நியாயமான எரிச்சலும் கலந்திருந்தது. பிறகு வந்த ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியுஸ் பல ஆண்டு உட்கார்ந்து மொத்த வேதாகமத்தையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

கேள்வி கேட்டவருக்குக் கிடைத்த பதில்கள்

1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் 1709இல் வந்து சேர்ந்த கிருண்ட்லரும் ஒரு காரியம் செய்தார்கள். உங்கள் கடவுளைப் பற்றி, சடங்கைப் பற்றி, சாதியைப் பற்றி, எங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தமிழர்களிடம் எழுத்தில் கேட்டார்கள். பதில்களை ஜெர்மனில் பெயர்த்து, மிஷனுக்குப் பின்பலமாக இருந்த ஹாலேக்கு அனுப்பினார்கள். மொத்தம் 99 கடிதங்கள் அங்கே அச்சாகின.

மொழி கற்றலில் இது எவ்வளவு பெரிய தாவல் என்பது உடனே தெரியாது. பொதுவாகப் புதிதாக வந்தவர் இதற்கு என்ன பெயர், அதற்கு என்ன பெயர் என்று கேட்பார். ஊராருக்கும் அலுத்துவிடும். இங்கே கேள்வி மாறிவிட்டது. கேட்கிறவர் வாயை மூடிக்கொண்டு, பதில் சொல்கிறவர் தன் போக்கில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். தன் வாழ்க்கையை விளக்குகிறவர் தன் மொழியின் முழு வலுவையும் எடுத்துத்தான் பேசுவார். நீங்கள் ஏன் கிறிஸ்தவராகவில்லை என்ற கேள்விக்குப் பதில் எழுதியவர்கள் ஒளிக்கவில்லை. இங்கே இருக்கிற கிறிஸ்தவர்கள் மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடிக்கிறார்கள், குளிப்பதில் சுத்தம் இல்லை, அவர்களுடைய நடத்தையைப் பார்த்தால் அந்த மதத்தில் எப்படிச் சேருவது என்று நேராகவே கேட்டார்கள். மிஷனரி தன் காதால் கேட்க விரும்பாத வாக்கியங்கள் அவை. அவற்றையும் பெயர்த்து அனுப்பினார்கள் என்பதற்காக இருவரையும் மெச்ச வேண்டும்.

ஹாலேயில் எல்லாரும் மெச்சவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியைப் பற்றி 1713இல் சீகன்பால்கு ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். அதை அச்சேற்ற மறுத்துவிட்டார்கள். புறமதத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அங்கே இருந்த எண்ணம். அந்தக் கையெழுத்துப் படி 150 ஆண்டுக்கு மேல் தூங்கி, 1867இல் சென்னையில்தான் அச்சானது. மக்களோடு நெருங்கிப் பழகி மொழி கற்றவருக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. அனுப்பியவர்களுக்கும் அவருக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். ஜெபக்குழுவுக்கு மாதாமாதம் அறிக்கை எழுதும் நம் ஊழியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விலை

இந்த நிகழ்வைப் பயிற்சிக்கு எடுக்கும்போது பலரும் தாண்டிப் போகிற பகுதி இது.

கணபதி வாத்தியார் ஞானஸ்நானம் பெற முடிவு செய்தபோது பெற்றோரும் உறவினரும் கொதித்தெழுந்தார்கள். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் அந்தக் கிழவரின் நிலைமை புரியும். வெள்ளைக்காரர்கள் பள்ளியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னபோது அவர் ஒத்துக்கொண்டார். பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தார், மகனும் கூடவே வந்து போனார். கடைசியில் மகன் வேறு வழியில் போய்விட்டார். மிஷன் வரலாறு இதை அறுவடை என்று எழுதும். அந்த வீட்டில் அப்படி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அழகப்பன் கதை இன்னும் கசப்பானது. கம்பெனிக்கும் மிஷனுக்கும் நடந்த இழுபறியில் ஆளுநர் அவரைத் தரங்கம்பாடியிலிருந்தே வெளியேற்றினார். தஞ்சைச் சீமைக்குப் போனால் அங்கே வேறு சிக்கல். நாட்டின், மதத்தின் ரகசியங்களை வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டிப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். இத்தனைக்கும் அவர் கிறிஸ்தவராகவில்லை. சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் அவர் செய்தது.

சீகன்பால்கும் சிறைக்குப் போனார். ஆனால் அவருக்காகப் பேச கோபன்ஹேகனில் ஓர் அரசர் இருந்தார், ஹாலேயில் மிஷனைத் தாங்கிய இறையியலாளர் ஃபிராங்கே இருந்தார், கடிதம் எழுதினால் ஐரோப்பா முழுக்கப் படித்தது. அழகப்பனுக்கு அப்படி யாரும் இல்லை.

இன்று நாம் போகிற இடங்களிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மொழி உதவியாளர் என்று நாம் சொல்கிற பையனை ஊர் எப்படிப் பார்க்கிறது? வெளியாளின் காசு வாங்குகிறவன், ஊர்ச் சங்கதியைச் சொல்கிறவன். நாம் இடம் மாறிப் போய்விடுவோம். அவன் அங்கேதான் இருக்க வேண்டும், அங்கேதான் கல்யாணம் கட்ட வேண்டும், அங்கேதான் பஞ்சாயத்தில் நிற்க வேண்டும். ஒரே உதவியாளரை மட்டும் நம்பாமல் நாலு வீட்டில் பழகுவது நம் மொழிக்கு நல்லது என்பார்கள். அவனுடைய பாதுகாப்புக்கும் நல்லது என்பதை நான் சேர்த்துச் சொல்வேன். மறைவாக உட்கார்ந்து பாடம் கேட்காமல், ஊர்ப் பெரியவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, நாலு பேர் பார்க்கிற திண்ணையில் உட்கார்ந்து கேட்பதும் அதற்காகத்தான்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்

தமிழ் கற்ற மிஷனரிகளில் சீகன்பால்கு முதல் ஆள் இல்லை. முத்துக்குளித்துறையில் பரதவர்களோடு வாழ்ந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அவருக்கு 150 ஆண்டு முந்தியவர். அவர் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது. அவருக்குக் கடலோரத்தார் தமிழ் கிடைத்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டிக்கொண்டு பரதவச் சபையிலிருந்து ஒதுங்கி, சிவதர்மர் என்ற பிராமண அறிஞரிடம் சமஸ்கிருதம் படித்தார். வடமொழி கலந்த பண்டிதர் நடை அவருக்குக் கிடைத்தது. மூவரும் கெட்டிக்காரர்கள், மூவரும் பாடுபட்டவர்கள். தமிழ் மட்டும் மூன்று விதமாக வந்தது. மூவரும் உட்கார்ந்த இடம் வேறு வேறு, அவ்வளவுதான்.

1970களில் டாம், பெட்டி சூ புரூஸ்டர் என்ற அமெரிக்கத் தம்பதி ஒரு முறையைப் பரப்பினார்கள். மொழிப்பள்ளி வேண்டாம், ஊர்தான் பள்ளி. காலையில் ஒருவரிடம் இரண்டு மூன்று வாக்கியம் கற்றுக்கொள், அன்றைக்கே தெருவில் இறங்கிப் பலரிடம் அதைச் சொல், நாளைக்கு இன்னும் கொஞ்சம். கற்கிறவராக ஊருக்குள் நுழைவதே ஊழியம்தான் என்பது அவர்கள் வாதம். நம் பயிற்சி முகாம்களில் சொல்லித்தருவதில் பாதி இதன் சாயல்.

அந்த அளவுகோலால் அளந்தால் சீகன்பால்கு பாதிதான் தேறுவார். ஊருக்குள் போவதைவிட ஊரைத் தன் வீட்டுக்கு வரவழைத்தவர் அவர். சம்பளம் கொடுத்து வரவழைத்தார். வீதியில் இரண்டு வாக்கியத்தோடு அலைவதைவிட மேஜையில் ஏட்டோடு உட்காருவது அவருக்குப் பிடித்தது. ஆனால் புரூஸ்டர் முறையில் தேறுகிற பலர் ஐந்தாண்டு கழித்தும் சந்தை விசாரிப்பைத் தாண்டாமல் நிற்பதையும் பார்க்கிறோம். அடுத்தவர் தன் நம்பிக்கையை, துக்கத்தை, நியாயத்தை விளக்குகிற பேச்சைப் பின்தொடர வேண்டுமானால், கவிராயர் மாதிரி ஒருவரோடு பொறுமையாக மாதக்கணக்கில் உட்காரத்தான் வேண்டும். எழுத்தே இல்லாத மொழி என்றால் கவிராயர் இடத்தில் கதை சொல்கிற பாட்டி இருப்பார். முதல் ஆண்டு தெரு, இரண்டாம் ஆண்டு பாட்டி என்று நான் சொல்வது வழக்கம். வரிசை மாறினாலும் பரவாயில்லை, இரண்டில் ஒன்றை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. 1714இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது சீகன்பால்கு மலையப்பன் என்ற தமிழ் இளைஞரைக் கூட்டிக்கொண்டு போனார். பல மாதக் கப்பல் பயணத்திலும் தமிழ் பேச ஒரு ஆள் வேண்டுமே. 1716இல் ஹாலேயில் லத்தீனில் அச்சான அவருடைய தமிழ் இலக்கண நூல் அந்தப் பயணத்தின் பலன். விடுமுறைக்குச் சொந்த ஊர் போய் ஆறு மாதம் மொழியை விட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். இன்று அதற்கு ஆளைக் கூட்டிப்போக வேண்டியதுகூட இல்லை, போன் போதும்.

1719 பிப்ரவரி 23இல் சீகன்பால்கு இறந்தார். வயது 36. அடுத்த ஆண்டே கிருண்ட்லரும் போய்விட்டார். அவர்கள் சேர்த்த 99 கடிதங்களும் எழுதியவர்களின் பெயர் இல்லாமலேதான் ஹாலே அச்சில் வந்திருந்தன. ஐரோப்பிய வாசகர்களுக்கு அவர்கள் வெறும் மலபாரிகள். தமிழர்களை அப்படித்தான் அப்போது அழைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் ஹாலே ஆவணங்களைத் துருவிப் பார்த்த பிறகுதான் அவற்றில் பெரும் பகுதியை எழுதியது ஒரே கை என்று தெரிந்தது. ஊரைவிட்டு விரட்டப்பட்ட பிறகும் சீகன்பால்குக்குப் பதில் எழுதிக்கொண்டே இருந்தவர் அழகப்பன்.